ஓடி வந்தவனுக்கு என்ன கொடுப்பது?

முதலாந் தவணை பிறந்துவிட்டால் மாத்தளை மாவட்டத்துப் பாடசாலைகள் யாவும் ஓட்டமும் ஆரவாரமுமாக இருக்கும். இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சில நாட்களின் முன்னர் மரதன் ஓட்டம் நடைபெறும். காலையிற் புறப்பட்ட பிள்ளைகள் மிளகுக்கொடி படர்ந்த மரங்களையும் கொக்கோத் தோட்டத்து நிழலையும் கடந்து, ஏற்றமும் இறக்கமுமான பாதையில் ஓடி, வெயில் ஏறிய வேளையில் பாடசாலை வாயிலை வந்தடைவார்கள். முதலாவதாக வந்த மாணவனைச் சுற்றிப் பத்துப்பேர் நிற்பார்கள். பத்துப்பேரிடமும் பத்து வைத்தியம் இருக்கும்.

“களைத்து வந்தவனுக்குப் பச்சைத் தண்ணீர் கொடுக்காதே” என்பார் ஒரு பெரியவர். “குளுக்கோசை வாயிலே கொட்டு” என்பான் தோழன். தந்தையார் ஒரு செவ்விளநீரைச் சீவிக்கொண்டிருப்பார். வாயிலோரத்துக் கடைக்காரரோ நிறமூட்டிய பானப் போத்தலொன்றை எடுத்து நீட்டுவார். அதன் மேலே ஓடுகின்ற வீரனொருவனின் படம் இருக்கும். தோட்டத்து லயத்திலிருந்து வந்த பாட்டி ஒன்றும் பேசாமல், தூக்குவாளியைத் திறந்து, உப்பிட்ட கஞ்சித் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றுவார். இத்தனை பேரும் வழக்காடி முடியும்வரையில் பையன் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பான்.

நேயர்களே, இவர்களுள் யார் சொல்வது சரி? இது விளையாட்டான கேள்வியன்று. 2024ஆம் ஆண்டு பெப்ரவரி, மார்ச் மாதங்களில் இலங்கையிலே வெப்பம் மிகுந்திருந்தபோது, பிள்ளைகளை வெயிலில் விளையாடவிடுவது குறித்துக் கல்வி அமைச்சே பாடசாலைகளுக்கு எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது. அந்த மார்ச் மாதத்திலேயே கிழக்கு மாகாணத்தில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அம்மரணத்தின் காரணத்தை ஆராய்வது இப்பேச்சின் நோக்கமன்று. ஆயினும் அந்தச் செய்தியைக் கேட்ட பின்னர், ஓட்டத்தின் முடிவெல்லையில் என்ன வைத்திருக்கிறோம் என்று ஒவ்வொரு பாடசாலையும் தன்னைத் தானே கேட்கவேண்டியதாயிற்று.

முதலில், ஓடுகிறவன் இழப்பது எது என்பதைப் பார்ப்போம். தசைகள் வேலை செய்யும்போது உடலில் வெப்பம் பிறக்கிறது. அவ்வெப்பத்தை வெளியேற்ற உடல் கண்ட உபாயமே வியர்வை. தோலின் மீது கசிந்த நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் கொண்டுபோகிறது. கடுமையாக உழைப்பவர் ஒரு மணி நேரத்தில் அரை லீற்றர் முதல் இரண்டு லீற்றர் வரை வியர்ப்பதுண்டு. மாத்தளை மாவட்டமோ ஒன்றுக்குள் இரண்டு நாடுகள் போன்றது. ரத்தோட்டைக்கு மேலே நக்கிள்ஸ் மலைச்சாரலில் குளிர் காற்று வீசும். அதே நாளில் தம்புள்ளையிலும் கலேவலையிலும் வெயில் மண்டையைப் பிளக்கும். மலைச்சாரலில் ஓடிப் பழகிய பிள்ளை தம்புள்ளை மைதானத்தில் ஓட வந்தால், அவன் உடல் அந்த வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரங்கள் வேண்டும். போட்டிகளின் நாட்குறிப்பைத் தயாரிப்போர் இதை நினைப்பது அரிது.

வியர்வை வெறும் நீரன்று. நாவிற்பட்டால் கரிக்கும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆளுக்கு ஆள் அளவு மாறுமாயினும், ஒரு லீற்றர் வியர்வையோடு ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் போய்விடுகிறது என்று கொள்ளலாம். உப்புக் கணக்கிற் சொன்னால் அது அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. இவ்வுப்பைத் திருப்பிக் கொடாமல் நீரை மட்டும் நிறையக் கொடுத்தால் என்ன நிகழும்? குருதி ஐதாகும். குருதி ஐதானதும் தாகம் அடங்கிவிடும். “போதும்” என்று உடல் சொல்லிவிடும். சிறுநீரகமோ மிகுதி நீர் வந்துவிட்டதென்று எண்ணி, குடித்ததில் ஒரு பங்கை வெளியே தள்ளிவிடும். இழப்பு முழுவதும் ஈடாகும் முன்னரே தாகமும் தணிந்து, குடித்த நீரும் வெளியேறிவிடுகிறது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்ற பழமொழி சமையலுக்கு மட்டும் உரியதன்று போலும்.

இந்த உண்மையிலிருந்தே போத்தலில் அடைத்த விளையாட்டுப் பானம் பிறந்தது. 1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்திலே, காற்பந்து வீரர்கள் ஆட்ட நேரம் முழுவதும் சிறுநீரே கழிப்பதில்லையே, ஏன் என்று பயிற்றுநர் ஒருவர் கேட்டார். சிறுநீரக மருத்துவரான ரொபேட் கேட் என்பவர் தம் உதவியாளர்களோடு ஆராய்ந்து, நீரிலே உப்பும் சீனியும் கலந்து ஒரு பானம் செய்தார். அதை வாயில் வைக்க இயலவில்லை. எலுமிச்சைச் சாறு சேர்க்கும்படி அவர் மனைவியார் சொன்ன பின்னரே அது குடிக்கத்தக்கதாயிற்று என்பர். ‘கேட்டரேட்’ என்று உலகெங்கும் விற்பனையாகும் பானத்தின் கதை இது. உப்பும் சீனியும் எலுமிச்சையும் என்றால், அஃது எந்த வீட்டு அடுக்களையில் இல்லை?

அமெரிக்க மைதானத்துக் கதையைவிட நமக்கு நெருங்கிய கதை ஒன்று உண்டு. அது மாத்தளையின் வழியிலேயே தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் நடந்து, தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து மாத்தளையை அடைந்தார்கள். மலைநாட்டின் வாயில் அவர்களுக்கு மாத்தளையே. அவ்வழியில் நீர் அரிது. கிடைத்த நீரும் தூயதன்று. தாகம் ஒருபுறமும் வாந்திபேதி மறுபுறமுமாக வழியோரத்தில் விழுந்து மாண்டவர்கள் ஆயிரக்கணக்கினர். வாந்திபேதி கொல்லும் முறையும் இதுதான்: உடலிலுள்ள நீரையும் உப்பையும் சில மணி நேரத்தில் வடித்துவிடுகிறது. அவ்வாறு வடிந்தவனுக்கு என்ன குடிக்கக் கொடுப்பது என்பதை அக்காலத்து மருத்துவம் அறிந்திருக்கவில்லை.

அந்த விடை கிடைக்க 1960ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. குடலின் சுவரிலே, குளுக்கோசும் சோடியமும் ஒன்றையொன்று கைப்பிடித்துக்கொண்டு நுழையும் வழி ஒன்று உண்டென்று ரொபேட் கிரேன் என்ற அறிஞர் அவ்வாண்டு பிராக் நகரில் எடுத்துரைத்தார். இவ்விரண்டும் உள்ளே போகும்போது நீரும் பின்தொடர்ந்து போகிறது. 1971இல் வங்கப் போரின்போது, எல்லையோர ஊராகிய பன்காவிலே அகதிகள் வாந்திபேதியால் மடிந்துகொண்டிருந்தார்கள். நரம்பிலேற்றும் சேலைன் தீர்ந்துபோயிற்று. திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பு, குளுக்கோசு, சோடா உப்பு மூன்றையும் பொட்டலங்களாகக் கட்டுவித்து, நீரிற் கரைத்து, பீப்பாய்களிலிட்டு, நோயாளியின் உறவினர் கையாலேயே ஊட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த மரணம் நூற்றுக்கு 3.6 ஆகக் குறைந்தது. அவர் 2022ஆம் ஆண்டு காலமானார். இலங்கையில் ‘ஜீவனி’ என்ற பெயரோடு மருந்துக் கடைகளிற் கிடைக்கும் பொட்டலம் அந்தக் கரைசலின் வழிவந்ததே. வடக்கு வழியில் நடந்தவர்களின் தூக்குவாளியில் அந்தப் பொட்டலம் ஒன்று இருந்திருந்தால் என்ற எண்ணம் எழாமற் போகாது.

வியர்வையால் இழப்பவனும் பேதியால் இழப்பவனும் ஒருவரல்லர். ஓடுகிறவனின் குடல் நலமாக இருக்கிறது; அவன் சாப்பிடவும் வல்லவன். ஆதலால் அவனுக்குத் தெரிவு அதிகம். இப்போது வாயிலிற் கூடியிருந்த பத்துப்பேரிடம் திரும்பி வருவோம்.

பச்சைத் தண்ணீர் ஆகாதென்ற பெரியவரின் அச்சம் வேண்டாதது. ஓடி வந்தவனுக்குக் குளிர்ந்த நீர் நஞ்சன்று. குளிர்ச்சியானதை விரும்பிக் குடிப்பான், உடற்சூடும் சற்றுத் தணியும். மடமடவென்று ஒரே மூச்சிற் குடித்தால் வயிறு புரட்டும் என்பது மட்டும் மெய். அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் விளையாடியவனுக்கும், மாலையில் உலாவி வரும் பெரியோருக்கும் கொதித்தாறிய நீரே போதும். உப்பும் சீனியும் அவர்கள் அடுத்து உண்ணும் சோறு கறியிலேயே வந்துவிடும். இரண்டு சுற்று நடந்துவிட்டு ஒரு போத்தல் இனிப்புப் பானம் அருந்துகின்ற கனவான்கள், நடந்து கரைத்ததைக் குடித்து மீட்டுக்கொள்கிறார்கள்.

குளுக்கோசுத் தூளை வாயிற் கொட்டுவது சரியான முறையன்று. உப்பின்றிச் சீனி மட்டும் செறிவாகச் சென்றால், அது குடலுக்குள்ளே நீரை இழுக்குமேயன்றி உடலுக்குள்ளே சேர்க்காது. தோழனின் அன்பு பெரிது. ஆனால் அவன் கரண்டிக்கு ஒரு குவளை நீரும் ஒரு சிட்டிகை உப்பும் துணை வேண்டும்.

செவ்விளநீரைப் பற்றிச் சற்று விரித்துப் பேசவேண்டும். சிங்கள மக்கள் தெம்பிலி என்று வழங்கும் இது இலங்கை மண்ணுக்கே உரிய செல்வம். மலேசியாவில் 2002ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில் எட்டு இளைஞர்களை வியர்க்க ஓடச் செய்து, இளநீர், விளையாட்டுப் பானம், வெறும் நீர் ஆகிய மூன்றையும் வெவ்வேறு நாட்களிற் கொடுத்துப் பார்த்தார்கள். இழந்ததை மீட்பதில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு தோன்றவில்லை. ஆனால் இளநீர் குமட்டவில்லை; நிறையக் குடிக்க எளிதாயிருந்தது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையிற் போவதோ சோடியமே மிகுதி. ஆகவே அந்நாட்டிலேயே 2007இல் இளநீரிற் சோடியம் சேர்த்துப் பரிசோதித்தார்கள்; அது விளையாட்டுப் பானத்துக்கு இணையாக நின்றது, வயிற்றுக்கும் இதமாயிருந்தது. தந்தையார் சீவிய செவ்விளநீரில் இரண்டு சிட்டிகை உப்பைப் போட்டால், அல்லது அதனோடு உப்புள்ள பலகாரம் ஏதேனும் கொடுத்தால், குறை நீங்கிவிடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இதே மாவட்டத்தின் கிழக்கே வில்கமுவைப் பகுதியில், காரணம் முற்றாகத் துலங்காத சிறுநீரக நோய் பல குடும்பங்களை வாட்டுகிறது. சிறுநீரகம் நலிந்தவரால் பொட்டாசியத்தை வெளியேற்ற இயலாது. அது குருதியிற் பெருகினால் இதயத்தைத் தாக்கும். அத்தகையோருக்கு மருத்துவரைக் கேளாமல் இளநீரோ, ஜீவனியோ, உப்புப் பானமோ கொடுத்தல் தகாது. வெயிலில் நாள்தோறும் நீர் வற்ற உழைப்பதும் இந்நோய்க்குத் துணைக்காரணமாகலாம் என்று ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுறுகின்றனர். வயலில் வேலை செய்பவருக்கும் இப்பேச்சு உரியதாவது இதனாலேயே.

இங்கிலாந்தின் லோபரோப் பல்கலைக்கழகத்தினர் 2016இல், ஓய்வாக இருந்த எழுபத்திரண்டு ஆடவரைக் கொண்டு பதின்மூன்று பானங்களை ஒப்பிட்டார்கள். குடித்ததில் எவ்வளவு உடலில் தங்குகிறது என்பதே கேள்வி. நெடுநேரம் தங்கியவற்றுள் முன்னின்றவை உப்புச் சீனிக் கரைசலும் பாலும்! விளையாட்டுப் பானம் வெறும் நீருக்கு மேற்பட நிற்கவில்லை. அதே பல்கலைக்கழகத்தினர் 2007இலேயே, உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் பால் நன்கு உதவுவதைக் காட்டியிருந்தார்கள். பாலில் உப்புச் சத்தும் சீனியும் புரதமும் இயல்பாகவே உண்டு. அது இரைப்பையை மெல்லவே விட்டு நீங்கும். பால்மாவைக் கரைத்தாலும் பாலே. பால் ஒவ்வாத வயிறுகள் நம்மிடையே பலவாதலால், புளித்த மோரில் நீரும் உப்பும் கலந்து கொடுப்பது நமக்கு இன்னும் பொருந்தும். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசிமகத் தேர் ஓடும் நாளில், வடம் பிடித்துக் களைத்தவர்களுக்குத் தாகசாந்தி நிலையத்தில் மோரை வார்ப்பவர்கள் எந்த ஆய்வையும் படித்தவர்களல்லர்.

தேநீர் உடலை வற்றச் செய்யும் என்பது படித்தவரிடையே பரவிய ஒரு பயம். மேற்சொன்ன ஒப்பீட்டில் தேநீரும் நீரைப் போலவே உடலில் நின்றது. தோட்டத்து மக்கள் மலையேறி இறங்கி வந்து ஒரு கோப்பை வெறுந்தேநீர் குடிப்பதைத் தடுக்க எவருக்கும் காரணமில்லை.

பாட்டியின் கஞ்சித் தண்ணீர் எங்கே நிற்கிறது? முன்வரிசையில். மாச்சத்துக் குடலிலே மெல்லக் கரைந்து குளுக்கோசாகிறது, உப்பு அதனோடு கைகோர்க்கிறது, நீர் பின்தொடர்கிறது. அரிசியை அடிப்படையாகக் கொண்ட கரைசலை மருத்துவ உலகம் பேதிக்கு ஆராய்ந்து ஏற்றுக்கொண்டிருக்கிறது. பத்துப்பேருள் வாய் திறவாதவர் ஒருவரே. அவர் கையிலிருந்ததில் மட்டும் திருத்தவேண்டியது ஒன்றுமில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் ஓடும் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே செய்யத்தக்கது இது: கொதித்தாறிய நீர் ஒரு லீற்றருக்கு, தலை தட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு, மேலே தேசிக்காய் ஒன்றைப் பிழியலாம். கண்ணீரைவிடக் கரிக்குமாயின் கொட்டிவிட்டு மறுபடி செய்யவேண்டும். உப்பு மிகுந்தால் நன்மை மிகும் என்று கருதிக் கைப்பிடியால் அள்ளிப் போடுகிறவர்களை வாளிக்கு அருகே விடலாகாது. இது ஓடிய நாளுக்குரிய பானம், நாள்தோறும் வேண்டுவதன்று. அன்றாடச் சமையலில் நம்மவர் உண்ணும் உப்பு ஏற்கெனவே வேண்டிய அளவைத் தாண்டியது.

எவ்வளவு கொடுப்பது? தோட்டத்திலே கொழுந்தை நிறுப்பது போலப் பிள்ளையையும் நிறுக்கலாம். ஓட்டத்துக்கு முன் நாற்பது கிலோ இருந்தவன், வந்தபின் 39.2 கிலோ இருந்தால், எண்ணூறு கிராம் போயிற்று. அது முக்கால் லீற்றருக்கும் மேல். இந்த அளவு குறைந்தாலே ஓட்டம் தளரும். வெளியேறுவதற்கும் சேர்த்து ஒன்றரை மடங்கு, அதாவது 1.2 லீற்றரை, ஓரிரு மணி நேரத்தில் சிறிது சிறிதாகக் கொடுக்கவேண்டும். நிறுக்கத் தராசு இல்லாவிடத்துச் சிறுநீரே தராசு: வெளிறிய வைக்கோல் நிறமாயின் நலம், வெறுந்தேநீர் நிறமாயின் இன்னும் குடிக்கவேண்டும்.

அதற்காக, குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. 2002ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனில் 488 பேரின் குருதியைச் சோதித்தபோது நூற்றுக்குப் பதின்மூன்று பேரின் குருதியிற் சோடியம் வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓடும்போது மிகுதியாகக் குடித்து எடை கூடியவர்களே அவர்களுட் பலர். இன்னுமொன்று: ஓடியவன் பிதற்றினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ அவன் வாயில் எதையும் ஊற்றலாகாது. நிழலிற் கிடத்தி, உடலெங்கும் குளிர்நீர் ஊற்றி விசிறி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். அந்நிலையில் எந்தப் பானமும் சிறந்த பானமன்று.

இத்தனையும் சொன்ன பின்னும், பானத்தைத் தொடாமல் நிற்கும் ஒரு கூட்டம் உண்டு. விளையாட்டுப் போட்டி நாளில் காலை முதல் ஒரு வாய் நீரும் அருந்தாத மாணவிகளைப் பல பாடசாலைகளிற் காணலாம். தாகமில்லாமையால் அன்று. கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அல்லது உள்ளே நீர் இல்லை. அல்லது மைதானத்திலிருந்து அது வெகு தூரம். அவர்களின் தாய்மார் எல்கடுவையிலும் கம்மடுவையிலும் மலைமேல் கொழுந்து பறிக்கும்போது இதே காரணத்தால் மதியம்வரை நா வறண்டு நிற்கிறார்கள். மகள் தாயிடமிருந்து கற்ற வழக்கம் அது. இளநீரா மோரா என்று ஆராயும் பெரியோர் அந்தத் தாழ்ப்பாளை முதலில் பூட்டித் திறந்து பார்ப்பது நன்று. அதன் விலை ஒரு பெட்டி விளையாட்டுப் பானத்தின் விலையைவிடக் குறைவு.

முதலாவதாக ஓடி வந்தவனைப் பத்துப்பேர் சூழ்ந்து நின்றார்கள் அல்லவா? ஒரு மணி நேரம் கழித்து, வெயில் உச்சிக்கு ஏறும் வேளையில், கடைசிப் பிள்ளை வருவாள். அதிக நேரம் வெயிலில் ஓடியவள் அவள். அதிகம் வியர்த்தவளும் அவளாகவே இருக்கக்கூடும். அவள் வரும்போது கைதட்டியவர்கள் கலைந்துவிட்டிருப்பார்கள். வாளியின் அடியில் தேசிக்காய் விதைகள் மட்டும் கிடக்கும். உடற்கல்வி ஆசிரியர் காலையில் பானம் கலக்கும்போதே ஒரு வாளியை மூடி, நிழலில் வைத்து, அந்தப் பிள்ளை வரும்வரையில் திறப்பதில்லை என்று சொல்லிவிடவேண்டும்.